அருளுக்குக் கண் வேண்டும்

"தொடாதே, தொடாதே! மனிதர் கை பட்டால் தாய்ப்பறவை அந்தக் குஞ்சைச் சேர்த்துக்கொள்ளாது!"

கூட்டிலிருந்து தவறி மண்ணிலே வீழ்ந்து, வாய் திறந்து கிடக்கும் குஞ்சைக் கண்டு குனியும் இளைஞனின் காதிலே முதலில் விழும் அறிவுரை இது. கூறுவோர் கொடியவர் அல்லர். பாட்டி சொன்னார், அவருக்கு அவருடைய பாட்டி சொன்னார்; ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி உரைக்கும் நல்லவர்களே. ஆனால், நல்லவர் உரைத்தார் என்பதற்காக ஒரு சொல் மெய்யாகிவிடுவதில்லை. பார்த்தறிய வேண்டும்.

பார்த்தறிந்தோர் கூறுவது யாது? பறவை ஆய்வாளர்கள் கூட்டிலிருக்கும் குஞ்சுகளைக் கையிலே எடுக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், காலிலே சிறு வளையம் பூட்டுகிறார்கள், மீண்டும் கூட்டிலே வைக்கிறார்கள். தாயும் தந்தையும் திரும்பி வருகின்றன. வழக்கம்போல் இரை ஊட்டுகின்றன. உலகெங்கும் பல ஆண்டுகளாக நடைபெற்றுவரும் பணி இது. கை பட்ட குஞ்சையெல்லாம் பெற்றவை கைவிடுமானால், அந்த ஆய்வே நடந்திருக்க இயலாது. கூடு கட்டும் வேளையிலும், முட்டையிடும் வேளையிலும் ஓயாது சென்று தொல்லை கொடுத்தால் சில பறவைகள் கூட்டைவிட்டு அகல்வதுண்டு. அது அச்சத்தின் விளைவு, தீட்டின் விளைவன்று. பறவைகளுக்கு மோப்ப உணர்வே இல்லை என்று முன்னர் எண்ணினர். அதுவும் தவறென்று பின்னர் தெளிந்தது. ஆயினும் மனிதவாடை அடித்தது என்பதற்காகப் பெற்ற குஞ்சை வெறுத்தொதுக்கும் வழக்கம் அவற்றினிடம் இல்லை.

பின், இந்த நம்பிக்கைக்கு நம் நாட்டிலே இத்துணை உறுதியான இடம் எப்படிக் கிடைத்தது? பிற நாடுகளிலும் இந்த நம்பிக்கை உண்டு. நாம் மட்டும் படைத்ததன்று. ஆனால், தொட்டால் தீட்டு என்ற சொல்லைத் தாய்ப்பாலோடு ஊட்டிய சமுதாயத்திலே, அதை நம்புவதற்கு எவரும் சான்று கேட்கவில்லை. 1924-ஆம் ஆண்டில் வைக்கத்து வீதியிலே நடப்பதற்கே கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. 1927-ஆம் ஆண்டில் மகாத் நகரத்துக் குளத்திலே அம்பேத்கரும் அவரைப் பின்பற்றியோரும் நீர் அருந்தினர். கால்நடை குடித்தபோது கெடாத குளம், மனிதன் கை பட்டதும் கெட்டதாம்! சாணமும் கோமூத்திரமும் கலந்து ஊற்றிக் குளத்தைத் தூய்மை செய்தார்கள் மேல்சாதியினர். மனிதன் மனிதனைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று விதித்தவன், மனிதன் தொட்ட குஞ்சைத் தாய் விலக்கும் என்று கேட்டால் வியப்பானா? தன் முகத்திலே உள்ள கரியைக் கண்ணாடியிலே கண்டு, கண்ணாடிக்குக் கரி என்றான். காகமும் குருவியும் அறியாத தீண்டாமையை அவற்றின் கூட்டுக்குள்ளும் கொண்டுபோய் வைத்தான்.

எனவே, தோழர்களே, தொடலாம். தொட்டு எடுக்கலாம். ஆனால் எடுத்தபின் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறதே, அங்கேதான் நம் சிந்தனைக்கு உண்மையான வேலை தொடங்குகிறது.

வீழ்ந்த குஞ்சின் அருகிலே வருவோர் மூவகையினர். தீட்டென்று கூறி எட்டி நிற்போர் ஒருவகை. "அதன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று விதியைக் காட்டி விலகிச் செல்வோர் மற்றொரு வகை. இவ்விருவரோடும் வாதிடுவது நமக்குப் பழகிய பணி. மூன்றாவது வகையினர் உளரே, அவர்கள் நம்மைச் சேர்ந்தவர்கள். நெஞ்சிலே இரக்கம் உள்ளவர்கள். குஞ்சைக் கண்டதும் உள்ளம் உருகி, வாரி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுசென்று, பால் புகட்டி, சோற்றுப் பருக்கையை வாயிலே திணித்து, மறுநாட்காலை அது விறைத்துக் கிடப்பதைக் கண்டு கண்ணீர் சிந்துவோர். அவர்களைக் குறித்தே இக்கட்டுரை. இரக்கம் இருந்தால் போதுமா? நல்லெண்ணம் உடையவன் நல்லது செய்தவன் ஆகிவிடுவானா?

பாலை எடுத்துக்கொள்வோம். ஆவின் பால் கன்றுக்கு உணவு, குழந்தைக்கும் நல்லது. பறவையோ பால்குடி உயிரன்று. பாலிலே உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் அதன் குடலுக்கு இல்லை. புறா தன் குஞ்சுக்கு ஊட்டும் பால் ஒன்று உண்டு. அது தொண்டைப்பையிலே ஊறுவது. மாட்டுப்பாலுக்கும் அதற்கும் பெயரிலே மட்டுமே ஒற்றுமை. மேலும், பறவையின் நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. நாம் அன்போடு ஊற்றும் பாலோ நீரோ அந்த வழியிலே இறங்குமானால், குஞ்சு மூச்சுத்திணறி மடியும். சோற்றுப்பருக்கை வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது. வளர்ந்தபின் தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குத் தேடித்தேடிக் கொணர்வது புழுவையும் பூச்சியையும்தான். பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்திலே, கண் திறவாத ஊன்துண்டு ஒன்று சிறகடித்துக் கூட்டைவிட்டுப் புறப்படும் பறவையாக மாற வேண்டும். அந்த வளர்ச்சிக்கு வேண்டியது புழு. நாம் கொடுப்பது நமக்குப் பிடித்த பால்சோறு!

இன்னும் கேளுங்கள். இறகு முளைத்து, வால் குட்டையாக, தரையிலே தத்தித்தத்தித் திரியும் குஞ்சு வீழ்ந்ததே அன்று. பறக்கப் பயில்வதற்காகக் கூட்டைவிட்டுத் தானே இறங்கியது. அருகிலுள்ள கிளையிலே தாயும் தந்தையும் இருக்கின்றன. நாம் அகன்றதும் வந்து ஊட்டும். அந்தக் குஞ்சை "அனாதை" என்று நாமே பெயர் சூட்டித் தூக்கிச் செல்கிறோம். நாம் அதற்குக் காப்பாற்றல் என்று பெயரிடுகிறோம். தலைக்குமேல் கதறிப் பறக்கும் தாய்ப்பறவைக்கு மொழி இருந்தால் அது திருட்டு என்று பெயரிடும்.

பேகனை அறியாதார் தமிழகத்திலே இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் குளிரால் நடுங்கிற்றென்று கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன். கொடைமடம் என்று அதனைப் போற்றினர். மடம் என்ற சொல் அங்கே இருப்பதை நாம் மறத்தலாகாது. மயிலுக்கு இறகு உண்டு. குளிருக்கும் மழைக்கும் இயற்கை அளித்த போர்வை அது. போர்த்திய துணியை மயில் என்ன செய்திருக்கும்? உதறியிருக்கும், அல்லது அதிலே சிக்கி இடர்ப்பட்டிருக்கும். பேகனின் உள்ளம் பெரிது, ஐயமில்லை. ஆனால் அவன் கண்டது மயிலை அன்று, தன்னை. தான் குளிரிலே நின்றால் எது வேண்டுமோ அதை மயிலுக்கும் தந்தான். கன்றுக்கும் குழந்தைக்கும் உரிய பாலைக் குஞ்சின் வாயிலே ஊற்றுகிறவனும் பேகனின் வழித்தோன்றலே!

பிறர் துன்பத்தைக் கண்டு நம் நெஞ்சு துடிக்கிறது. அந்தத் துடிப்பை நாம் அருள் என்கிறோம். துடிப்பு நம்முடையது, துன்பம் பிறருடையது. நம் துடிப்பைத் தணித்துக்கொள்வதற்காகச் செய்யும் செயல் ஒன்று. பிறர் துன்பத்தைத் தணிப்பதற்காகச் செய்யும் செயல் மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோல் தோற்றமளிக்கும். ஆனால் முன்னது நம்மிடமிருந்து தொடங்கி நம்மிடமே முடிகிறது. பின்னது, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறது, கேட்டு விடை பெற முடியாதபோது, நோக்கியும் படித்தும் அறிந்தோரை அணுகியும் விடையைத் தேடுகிறது. அந்தத் தேடலுக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர். பகுத்தறிவு என்றால் நெஞ்சை வறளச் செய்வது என்று பழிப்போர் உளர். நெஞ்சின் ஈரம் வேரடிக்குச் செல்ல வாய்க்கால் வெட்டுவதே பகுத்தறிவு. வாய்க்கால் இல்லாத வெள்ளம் பயிரை அழிக்கும்.

அறிவோடு கூடிய அருள் வீழ்ந்த குஞ்சுக்கு என்ன செய்யும்? முதலில் நிற்கும், நோக்கும். இறகு முளைத்துத் தத்தும் குஞ்சாயின், பூனையும் நாயும் எட்டாத கிளையிலே ஏற்றிவிட்டு அகலும். இறகு முளைக்காத குஞ்சாயின், கூடு எங்கே என்று தேடி, எட்டுமானால் அதிலேயே வைக்கும். கூடும் சிதைந்து வீழ்ந்திருந்தால், அடியிலே நீர் வடியத் துளையிட்ட சிறு கூடையிலே உலர்ந்த புல்லைப் பரப்பி, குஞ்சை இட்டு, அதே மரத்திலே கட்டித் தொங்கவிடும். பின்னர் தொலைவிலே மறைந்திருந்து ஓரிரு மணிநேரம் காத்திருக்கும். இந்தக் காத்திருத்தல் இருக்கிறதே, அதுதான் கடினம்! எடுத்துச் செல்வது எளிது; எடுத்துச் செல்லாமல் இருப்பதற்கே உறுதி வேண்டும்.

தாய் வரவில்லை, அல்லது குஞ்சுக்குக் காயம் என்றால்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வேளை வருகிறது. அப்போதும் முதலிற் கொடுக்க வேண்டியது உணவன்று, வெதுவெதுப்பு. இறகில்லாக் குஞ்சு தன் உடலின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. குளிர்ந்த வயிற்றிலே இட்ட உணவு செரிக்காது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி, மெல்லிய துணி, இருட்டு, அமைதி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் இளஞ்சூடு: இவை முதல் மருத்துவம். பூனை கவ்விய குஞ்சாயின் காயம் சிறிதென்று எண்ணலாகாது. பூனையின் பல்லிலே உள்ள நுண்ணுயிர் குருதியிலே கலந்து கொல்லும். கால்நடை மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். இன்ன பறவை, இன்ன உணவு என்று அறிந்தபின், விடியல் முதல் அந்தி வரை, அரைமணிக்கு ஒருமுறை சிறுசிறு அளவாக ஊட்ட வேண்டும். நாட்டுப் பறவையை வீட்டிலே வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது. ஆகவே வனத்துறைக்கும், மீட்புப்பணியிலே பயின்றோருக்கும் தெரிவித்து, அவர்களிடம் ஒப்படைப்பதே முறை. "நாமே வளர்த்தோம்" என்ற பெருமை குறையுமே என்று எண்ணுகிறவன், குஞ்சைவிடப் பெருமையை அதிகம் நேசிக்கிறான்.

"இயற்கையிலே தலையிடுவது எதற்கு? குஞ்சு வீழ்வதும், பாம்பும் பருந்தும் அதைத் தின்பதும் இயற்கை நியதி" என்று அறிவியலின் பெயரால் மறுப்போர் உளர். சிறு பறவைகளின் குஞ்சுகளிலே பெரும்பகுதி முதலாண்டைக் கடப்பதில்லை, அது உண்மை. அனைத்தையும் காப்பாற்றுவது இயலாது. இயன்றாலும் பருந்தின் குஞ்சு பட்டினி கிடக்கும். பருந்தின் வாயிலிருந்து பறிப்பது நம் வேலையன்று. ஆனால் மரத்தை வெட்டியது இயற்கையா? சாலையை அகலப்படுத்தக் கோடரி எடுத்தது இயற்கையா? பூனையை வளர்த்து வீதியிலே விட்டது இயற்கையா? மனிதன் தள்ளிய குஞ்சுக்கு மனிதன் பொறுப்பு.

அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. "அப்படி நடக்கிறது" என்பதிலிருந்து "அப்படித்தான் நடக்க வேண்டும்" என்று முடிவுகட்டுவது பழைய சூழ்ச்சி. பிறப்பிலே உயர்வுதாழ்வு இயற்கை என்றார்கள். பெண் அடங்கியிருப்பது இயற்கை என்றார்கள். ஏழை பசித்திருப்பது இயற்கை என்றார்கள். ஆண்டவன் விதி என்று அன்று சொன்னதை, இயற்கை விதி என்று இன்று சொன்னால் அது பகுத்தறிவாகிவிடுமா? இயற்கை எப்படி இயங்குகிறது என்று அதனிடம் கேட்டறிவோம். நாம் எப்படி நடக்க வேண்டும் என்பதை நாமே ஆராய்ந்து முடிவு செய்வோம்.

இனி, நம் நாட்டின் புகழ்பெற்ற ஜீவகாருண்யத்தைச் சற்றே நோக்குவோம். மனிதரிலே நான்கு வருணம் வகுத்தவர்கள் பறவைகளை விட்டுவைத்தார்களா? மயில் முருகனுக்கு ஊர்தி. கருடன் வானிலே வட்டமிட்டால் கன்னத்திலே போட்டுக்கொள்வார்கள். கிளி ஆண்டாளின் தோளிலே. கூகையோ சாக்குருவி! கூரையிலே வந்தமர்ந்தால் சாவு வரும் என்று கல்லெறிவார்கள். பொந்திலிருந்து வீழ்ந்த கூகைக்குஞ்சின் வெண்முகத்தைக் கண்டு பேயென்று அஞ்சிக் கொல்வார்கள். வயலிலே எலியைத் தின்று உழவனின் நெல்லைக் காக்கும் பறவை அது. அதற்காகவே வயலிலே பறவைத்தாங்கி நடும் உழவரும் இருக்கிறார்கள். காகத்தின் கதை இன்னும் விந்தை. அமாவாசையன்று வாழையிலையிலே சோறு வைத்து, "கா, கா" என்று அழைத்து, முன்னோரே வந்ததாக மகிழ்வார்கள். மறுநாள் அதே காகம் தலையிலே தட்டிச் சென்றால் சனி பிடித்ததென்று பரிகாரம் தேடுவார்கள். அதன் குஞ்சு மண்ணிலே வீழ்ந்து கிடந்தால் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? முன்னோரின் குஞ்சு யாருக்கு உறவு?

கிளிக்குக் கிடைத்த மேல்வருணம் அதற்கு என்ன தந்தது? கூண்டு! மரப்பொந்திலிருந்து குஞ்சிலேயே திருடி, சிறகை வெட்டி, நெல்மணிக்கு ஏங்க வைத்து, சீட்டெடுக்கப் பழக்கி, மாந்தரின் எதிர்காலத்தை உரைக்கச் செய்தார்கள். நாளை தன் கூண்டுக் கதவு திறக்குமா என்று அறியாத பறவை நமக்கு நாளைய பலன் கூறுகிறதாம்! சட்டம் தடுத்த பின்னரும் கிளி சோதிடத்தின் நிழல் வீதியிலிருந்து முற்றும் அகலவில்லை. தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகளிலே கோயில் வாயிலில் சிறுகுருவிகளைக் கூடையிலே அடைத்து விற்பார்கள், பக்தர்கள் விலை கொடுத்து வாங்கி வானிலே விடுவார்கள், புண்ணியம்! விடுவிப்போர் இருப்பதனாலேயே பிடிப்போர் இருக்கிறார்கள். நூறு பிடித்தால் பல மடியும்; எஞ்சியவற்றை விடுவித்துப் புண்ணியக் கணக்கிலே வரவு வைப்பார்கள். மறுமைக்கு முதலீடாகச் செய்யும் அருள், அருளன்று, வாணிகம். குஞ்சு பிழைத்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்று எண்ணாதவனே குஞ்சுக்கு என்ன வேண்டும் என்று எண்ண முடியும்.

இங்கே நம் தோழர்களிலேயே சிலர் சினந்து எழுவர். "மனிதன் மலக்குழியிலே இறங்கி மூச்சடைத்துச் சாகிறான். 2022 டிசம்பரிலே வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியிலே மலம் கலக்கப்பட்டிருந்ததை நாடே கண்டது. இந்த நாட்டிலே குருவிக்குஞ்சுக்கு ஒரு கட்டுரையா?" என்பர். அந்தச் சினத்தை நாம் மதிக்கிறோம். ஏனெனில், உயிரிரக்கம் பேசிக்கொண்டே உடன்பிறந்த மனிதனை மிதித்தவர்களை வரலாறு நெடுகிலும் காண்கிறோம்.

மயிலுக்குப் போர்வை ஈந்த அதே பேகன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அவள் கண்ணீர் சிந்தி நின்றாள். கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவனைப் பாடினர். பொன்னும் பொருளும் எங்களுக்கு வேண்டாம், அவளிடம் செல், அதுவே நாங்கள் வேண்டும் பரிசில் என்ற கருத்திலே அவர்கள் இடித்துரைத்ததைப் புறநானூறு இன்றும் காட்டுகிறது. புலவர்கள் மயிலுக்கு ஈந்ததைக் கண்டிக்கவில்லை. மயிலின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு மனைவியின் நடுக்கம் தெரியாதா என்றே கேட்டனர்.

நம் காலத்திலே இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. 1973-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மூவர் பகிர்ந்துகொண்டனர். அவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் கான்ராட் லோரன்ஸ்; வாத்துக்குஞ்சுகள் அவரைத் தாயென்று எண்ணிப் பின்தொடர்ந்த காட்சியை உலகம் அறியும். மற்றொருவர் நெதர்லாந்திலே பிறந்த நிக்கோ டின்பர்கன்; கடற்கரையிலே படுத்துக் கிடந்து கடற்பறவைகளின் வாழ்வை ஆராய்ந்தவர். இருவரும் நண்பர்கள். இருவருக்கும் பறவைகளிடத்திலே அளவற்ற ஈடுபாடு. லோரன்ஸ் 1938-ஆம் ஆண்டில் நாஜிக் கட்சியிலே சேர்ந்தார். இனத்தூய்மைக் கொள்கைக்குத் துணைபோகும் எழுத்துகளும் எழுதினார். டின்பர்கனோ, லெய்டன் பல்கலைக்கழகத்திலிருந்து யூதப் பேராசிரியர்களை நாஜி ஆட்சி விலக்கியதை எதிர்த்து நின்றார்; 1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் பிணைக்கைதியாக அடைக்கப்பட்டுக் கிடந்தார். குஞ்சை நேசிப்பவன் மனிதனையும் நேசிப்பான் என்பதற்கு உறுதியில்லை. இருவரின் வாழ்வும் அதற்குச் சான்று. பறவையிடம் காட்டும் அன்பு ஒருவனின் நற்சான்றிதழ் ஆகாது. இதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் இதிலிருந்து, குஞ்சை மண்ணிலே விட்டுவிடு என்ற முடிவு எப்படிப் பிறக்கும்? அருள் என்ன, அரிசி மூட்டையா, ஒருவருக்கு அளந்தால் மற்றவருக்குக் குறைவதற்கு? குஞ்சுக்குச் செலவிடும் அந்த ஒரு மணிநேரத்தால் சாதி ஒழிப்புப் பணி தடைப்பட்டுவிடாது. நாம் வீணாக்கும் மணிநேரங்கள் எத்தனையோ உண்டு. அவற்றின் மீது இந்தச் சினம் பாயட்டும். மெலிந்தவனிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பயிலும் இடங்கள் பல. கைம்மாறு செய்ய இயலாத, நன்றி சொல்லத் தெரியாத, நம் கட்சியிலே சேராத ஓர் உயிரினிடம் நேர்மையாக நடக்கப் பழகுவது, அப்பயிற்சியிலே ஒன்று. அங்கே கற்றதை மனிதனிடம் காட்டாதவன்தான் குற்றவாளி, கற்றவன் அல்லன்.

அருளும் அறிவும் இணைய வேண்டும் என்பது வெறும் விருப்பமன்று. அரசியல் சட்டத்தின் 51அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைக் கூறுகிறது. 1976-ஆம் ஆண்டில், நெருக்கடி நிலையின்போது, உரிமைகளை நெரித்த அதே 42-ஆம் திருத்தத்தால் வந்த பிரிவு அது; பிறந்த வேளை நல்ல வேளையன்று. ஆயினும், அதிலே அடுத்தடுத்து நிற்கும் இரு கடமைகளை நோக்குங்கள். ஒன்று, இயற்கைச் சூழலைக் காத்து, உயிர்களிடத்திலே பரிவு காட்டுக என்கிறது. அதற்கு அடுத்தது, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும், ஆராய்ந்தறியும் உணர்வையும் சீர்திருத்த உணர்வையும் வளர்த்திடுக என்கிறது. ஒருவேளை தற்செயலாகவே அவை அருகருகே அமைந்திருக்கலாம். ஆனால் நாம் அவற்றை ஒரே மூச்சிலே படிக்க வேண்டும். இரண்டாவது இல்லாத முதலாவது பால் ஊற்றிக் கொல்லும். முதலாவது இல்லாத இரண்டாவது, குஞ்சின் பெயரையும் இனத்தையும் குறிப்பேட்டிலே எழுதிக்கொண்டு நகர்ந்துவிடும்.

இறுதியாக ஒன்று. அருளுக்கு மிகக் கடுமையான தேர்வு குஞ்சு பிழைத்தபின்தான் வருகிறது. சில இனக்குஞ்சுகள், பிறந்தவுடன் எதைக் காண்கின்றனவோ அதனையே தம் இனமென்று மனத்திலே பதித்துக்கொள்கின்றன. மனிதர் கையிலேயே வளர்ந்த குஞ்சு மனிதரை அஞ்ச மறக்கும். தன் இனத்தோடு கூடத் தெரியாமல் தவிக்கும். இரை தேடவும் பூனையைக் கண்டு ஒளியவும் கற்றிராது. நம் தோளிலே வந்து அமர்வதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியே அதற்கு ஆபத்து! அறிந்தோர் என்ன செய்கிறார்கள்? குஞ்சோடு கொஞ்சுவதில்லை; பெயரிட்டு அழைப்பதில்லை; தேவைக்கு மேல் தொடுவதில்லை; இயலுமானால் அதே இனக்குஞ்சுகளோடு சேர்த்து வளர்க்கிறார்கள். அது நம்மை மறந்து போகவேண்டும் என்பதற்காக உழைக்கிறார்கள்.

இதைச் சீர்திருத்தப் பணியிலே உள்ள நாம் ஊன்றி நினைக்க வேண்டும். வீழ்ந்தோரைத் தூக்கிவிட்டோம் என்று கூறிக்கொண்டு, அவர் தோளிலேயே ஏறி அமர்ந்தோர் வரலாற்றிலே பலர். அரிசனம் என்று பெயர் சூட்டினார்கள், அவர்களைக் கேட்காமலே. ஆதரவு தந்தோம், ஆகவே அடங்கியிரு என்றார்கள். நன்றி எங்கே என்று கேட்டார்கள். உதவி பெற்றவன் எழுந்து தன் சொந்தக் குரலிலே பேசத் தொடங்கியதும் முகம் சுளித்தார்கள். போர்வையைக் கொடுத்துவிட்டு, மயில் ஆடவில்லையே என்று வருந்தினார்கள்! இந்த நோய் பழைமைவாதிகளுக்கு மட்டும் உரியதன்று. மேடையிலே நின்று பிறருக்காகப் பேசும் எவரையும் பற்றக்கூடியது, நம்மையும் பற்றக்கூடியது. மெலிந்தவன் நம்மைச் சார்ந்தே இருக்க வேண்டும் என்று ஒருகணம் நெஞ்சு விரும்புமானால், அந்தக் கணத்திலே நாம் கூண்டு செய்யத் தொடங்கிவிட்டோம்.

வளர்த்த குஞ்சுகளிலே பல மடியும். அறிந்து செய்தாலும் மடியும். அதற்காக விதியை நோகவேண்டாம், பரிகாரம் தேடவேண்டாம். ஏன் மடிந்தது என்று ஆராய்ந்து, அடுத்த குஞ்சுக்கு அந்த அறிவைப் பயன்படுத்துவதே செத்ததற்கு நாம் செய்யும் மரியாதை. பிழைத்தது ஒருநாள் சன்னலைக் கடந்து எதிர்மரத்துக்குப் பறக்கும். அங்கிருந்து அப்பால் செல்லும். திரும்பிப் பாராது. பாராததே நம் பணி நிறைவேறியதற்கு அடையாளம்.

ஆகவே, இளைஞர்களே, குனியுங்கள், தொடுங்கள், தீட்டுமில்லை, விதியுமில்லை. ஆனால் தூக்குமுன் நோக்குங்கள், ஊட்டுமுன் கேட்டறியுங்கள், சிறகு முளைத்தபின் கையை விரியுங்கள். குருவிக்கும் இதுவே முறை. மனிதனுக்கு இதனினும் ஆயிரம் மடங்கு இதுவே முறை.